புதுக் கட்டடம், தினம் ஒரு புதுமுகம்: கோவை ஹோட்டல் ஒன்றைப் பற்றி

கோவை விமான நிலையத்திலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள இந்த ஹோட்டலில் அலுவல் நிமித்தம் அடிக்கடி தங்குகிறேன். பெயரைக் குறிப்பிடாததற்குக் காரணம், இங்கே சொல்லப்போகும் குறை இந்த ஒரு ஹோட்டலோடு நிற்பதில்லை என்பதுதான். மெத்தை, ஏசி, வெந்நீர், வைஃபை ஆகியவை வாடகைக்குக் குறைவில்லாமல் இருக்கின்றன. காலைச் சிற்றுண்டியும் நன்றாகவே இருக்கிறது.

குறையெல்லாம் பணியாளர்களை நிர்வாகம் வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. ரிசப்ஷனில் போன முறை பார்த்தவரை இந்த முறை பார்க்க முடிவதில்லை. கடைசியாகச் சென்றபோது அறைக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்த இளைஞரைச் சட்டையில் இருந்த பெயரைச் சொல்லி அழைத்தேன், அவர் திரும்பவில்லை. அது வேலையை விட்டுப் போனவரின் பேட்ஜ் என்றும், தமக்கு இன்னும் வரவில்லை என்றும் பிறகு சொன்னார். ஏஜென்சி மூலம் எடுக்கப்பட்ட அவருக்கு, காலையில் சில மணி நேரமும் மாலை முதல் இரவு வரையிலும் வேலை வாங்கும் பிரேக் ஷிப்ட். நடுவில் கிடைக்கும் நேரத்தில் வீட்டுக்குப் போய்வரவும் முடியாது, ஹோட்டலில் படுத்து எழ இடமும் கிடையாது. கடைகள், நிறுவனங்களின் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்திய மாநிலத்தில், இந்த ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி கூட இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரவு உணவின்போது நான் கேட்காத லைம் சோடா ஒன்று பில்லில் ஏறியிருந்தது. தவறு என்று சப்ளையருக்குத் தெரிந்தும், "மேனேஜர் வந்துதான் சார் எடுக்கணும், எங்களால முடியாது" என்றார். மேனேஜர் வரும்வரை நானும் காத்திருந்தேன், அவரும் பக்கத்திலேயே நின்றார். விருந்தினரின் குறையைத் தீர்க்க எந்தப் பணியாளரும் மேலதிகாரியைக் கேளாமல் 2,000 டாலர் வரை செலவிடலாம் என்ற, ரிட்ஸ்-கார்ல்டன் எனும் சொகுசு ஹோட்டல் குழுமத்தின் நடைமுறை ஹோட்டல் துறையில் அனைவரும் அறிந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு சோடாவை நீக்கும் அதிகாரத்தையாவது தந்திருக்கலாம். எதையும் முடிவுசெய்யும் உரிமை இல்லாதவர் எதிலும் அக்கறை காட்டாமல் போவதில் வியப்பில்லை.

அதே பில்லில் சேவைக் கட்டணமும் இருந்தது. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. கேட்டதும் மறுபேச்சின்றி நீக்கினார்கள். அந்தப் பணம் உங்கள் கைக்கு வருமா என்று சப்ளையரிடம் கேட்டதற்கு, அவர் கேஷ் கவுண்டர் பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்ததோடு சரி.

விதிவிலக்கு தோசை மாஸ்டர். ஹோட்டல் திறந்த நாள் முதல் இருக்கும் அவர், கல்லருகே வந்த குழந்தைக்குக் காரமில்லாமல் சின்னதாக ஒரு தோசையை யாரையும் கேளாமல் வார்த்துக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற பயிற்சி மாணவருக்கு மாவின் பதத்தையும் விளக்கிக்கொண்டிருந்தார். அங்கே பயிற்சி என்று நான் கண்டது அது ஒன்றுதான். அவருடைய படம், சில மாதங்களாக மாற்றப்படாமல் லிஃப்ட் அருகே தொங்கும் சிறந்த பணியாளர் பலகையில் இல்லை.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். அந்த மூன்றும் அறைக்கும் அடுப்படிக்கும் உரியவை. ஓர் இரவு தங்கிப் போகிறவர்கள் தயங்காமல் செல்லலாம். திருமணத்துக்காக மொத்தமாக அறைகள் எடுப்பவர்கள், மேனேஜரின் கைபேசி எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளவும்.