டப்ளினிலிருந்து கால்வே: ரயிலா, பஸ்ஸா?

விமானத்தில் வந்து இறங்குபவருக்கு பஸ்தான் சரி. டப்ளின் விமான நிலையத்திலேயே ஏறினால் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கால்வே வரை மாறாமல் போகலாம். இரண்டரை முதல் மூன்று மணி நேரம், நள்ளிரவிலும் ஓடுகிறது. ரயிலும் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான். ஆனால் விமான நிலையத்தில் ரயில் கிடையாது. பெட்டியை இழுத்துக்கொண்டு டப்ளின் நகரத்திலுள்ள ஹியூஸ்டன் ரயில் நிலையம் வரை போக வேண்டும்.

டப்ளினில் தங்கிவிட்டுக் கிளம்புபவர் என்றால் ரயிலையே சொல்வேன். எழுந்து நடக்கலாம், வழியில் அத்லோன் என்ற ஊரில் ஷானன் ஆற்றைக் கடப்பதையும் பார்க்கலாம். வார இறுதியில் இருக்கையை முன்பதிவு செய்துவிடுங்கள்.

இரண்டுமே கால்வேயின் நடுவிலுள்ள ஏர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். அப்புறம் ஊருக்குள் நடைதான். ஷாப் தெரு நடப்பவர்களுக்கான தெரு. சால்ட்ஹில் கடற்கரைக்கும் நடக்கலாம்; கால் வலித்தால் 401 பஸ் உண்டு.