விம்மில் பதில் எழுதுவது: மேற்கோள் பிரமாதம், வரி மடிப்பு வதை

மின்னஞ்சல் எழுத இன்னும் விம் என்ற அதே உரை எடிட்டர்தானா, நானும் அதற்கு மாறலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதேதான். பல வருஷமாக மட் என்ற அஞ்சல் நிரலோடு சேர்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விம்மை எப்படித் திறப்பது, எப்படி வெளியேறுவது என்பதெல்லாம் இங்கே கிடையாது. மேற்கோள் வரிகளை அது நடத்தும் விதம், அது மட்டும்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிலைத் திறந்ததும் எதிராளி எழுதியது முழுக்க > குறியோடு வந்து நிற்கிறது, ஒவ்வொரு ஆழத்துக்கும் தனி நிறம். நடுவில் ஒரு வாக்கியத்தை வெட்டினால் வரிகள் கோணல்மாணலாகிவிடும், அப்போது பத்தியின்மேல் நின்று ஜி, கியூ, ஐ, பி என்று நான்கு விசை தட்டினால் போதும்: குறிகளை உருவிவிட்டு, சொற்களை 72 எழுத்து அகலத்துக்குள் அடுக்கி, குறிகளை மறுபடி முன்னால் ஒட்டிக் கொடுத்துவிடுகிறது. இரண்டு > இருந்த வரி இரண்டோடும், ஒன்று இருந்தது ஒன்றோடும் தனித்தனியாகவே நிற்கும். வரிகளை எப்படி அடுக்குவது என்று விம்முக்குச் சொல்லும் ஃபார்மட்ஆப்ஷன்ஸ் என்ற அமைப்பில் ஜே என்ற எழுத்தைச் சேர்த்துவிட்டால் இரண்டு வரிகளை இணைக்கும்போது நடுவில் மாட்டும் > குறியைக்கூட அதுவே எடுத்துவிடும். இந்தச் சுகத்துக்குப் பழகிய கை வேறு எடிட்டரில் நிற்காது.

அந்த 72-க்கு ஒரு கணக்கு உண்டு. திரை அகலம் 80, அதாவது 1928-ல் ஐபிஎம் துளை அட்டையில் வந்த அதே 80, 1978-ன் விடி100 என்ற கணினி முனையத்திலும் அதுவே. > குறியும் ஓர் இடைவெளியும் சேர்ந்து இரண்டு எழுத்து. 72-ல் தொடங்கினால் நான்கு முறை பதில் போய்வரும் வரை 80-க்குள் அடங்கும். ஐந்தாவது பதிலில் 82.

என் கோபமெல்லாம் அந்த 82-ல்தான். எதிர்முனையில் இருப்பவரின் நிரல் அதை 80-ல் வெட்டுகிறது, வெட்டி, மிஞ்சிய ஒற்றைச் சொல்லை > இல்லாமல் அடுத்த வரியில் போடுகிறது. ஒரு நீள வரி, ஒரு சொல், ஒரு நீள வரி, ஒரு சொல் என்று பாதிப் பல் உடைந்த சீப்பு மாதிரி வந்து சேரும். அசிங்கம் என்பதோடு போனால் பொறுத்துக்கொள்ளலாம். குறி இல்லாத வரி என்றால் பதில் எழுதுபவர் சொன்னது என்றுதானே அர்த்தம்? தமிழில் இல்லை, முடியாது, மாட்டேன் எல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் வருகின்றன. ‘இந்தத் திருத்தத்தை நான் ஏற்கிறேன் என்று சொல்லவில்லை’ என்று ஒருவர் எழுதினால், ‘சொல்லவில்லை’ மட்டும் கீழே விழுந்து என் பேச்சாக நிற்கும், மேலே அவர் ஏற்றுக்கொண்டதாக இருக்கும். முன்பு சொன்ன ஜி, கியூ கட்டளையும் இதைக் குணப்படுத்தாது, குறி இல்லாத வரியை அது வேறு பத்தி என்றே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் போய்க் கையால் > போட்டால்தான் உண்டு. விம்மின் குற்றம் இல்லை, தெரியும். ஆனால் உட்கார்ந்து ஒட்டுப்போடுவது நான்தானே.

மருந்து இல்லாமல் இல்லை. 2004-ன் ஆர்எஃப்சி 3676 என்ற இணையத் தரநிலை ஆவணம், ஃபார்மட்=ஃப்ளோட் என்பார்கள்: வரிக் கடைசியில் ஓர் இடைவெளி இருந்தால் அது தற்காலிக மடிப்பு, பெறுகிற நிரல் வரிகளைச் சேர்த்துத் தன் திரைக்கு ஏற்ப மடித்துக்கொள்ளலாம், > எண்ணிக்கையையும் காப்பாற்றலாம். அழகான யோசனை. (கையெழுத்துக்கு முன் போடும் இரட்டைக் கோடும் இடைவெளியில்தான் முடிகிறது என்பதால் அதற்குத் தனி விலக்கு வேறு கொடுக்க வேண்டியிருந்தது.) மட்டில் ஒரு அமைப்பு, விம்மின் ஃபார்மட்ஆப்ஷன்ஸில் டபிள்யூ என்று ஓர் எழுத்து, அவ்வளவுதான் வேலை. ஆனால் படிக்கிற பக்கம் இதைக் கண்டுகொள்ளாத நிரல்கள் ஏராளம், வரிக்கடைசி இடைவெளியைக் குப்பை என்று துடைத்துவிடுகிறவையும் உண்டு. கைபேசியில் பார்ப்பவருக்கு என் 72 மறுபடியும் அதே சீப்புதான்.

தட்டத்தட்டத் தானே மடிக்கும் ஏ என்ற அமைப்பையும் வைத்துப் பார்த்தேன். தனித்தனி வரியில் போட்ட பட்டியலை எல்லாம் ஒரே பத்தியாகப் பிசைந்துவிட்டது, அணைத்துவிட்டேன். அப்புறம் தமிழ் எழுத்துகள் முனையத்தின் ஒரு கட்டத்துக்குள் அடங்குவதில்லை, ஆகவே 72 என்று விம் எண்ணுவது ஒன்று, கண்ணில் படும் அகலம் வேறொன்று.

மேற்கோளைக் கையாளுவதில் இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் மாறலாமா என்று கேட்டால், மாறாதீர்கள். இன்றைக்கு 5-க்கு 2 தருகிறேன். எட்டுப் பேர் மாற்றி மாற்றிப் பதில் போட்ட ஒரு இழையை இப்போதுதான் ஒட்டுப்போட்டு முடித்தேன், நாளைக்குக் கேட்டால் 4 சொன்னாலும் சொல்வேன்.