பழைய வேகன், உள்ள ஒளிஞ்ச துரு: கன்வர்ட்டரா, பட்டியா, பசையா, வெல்டிங்கா?

பழைய ஸ்டேஷன் வேகன்ல கை வச்சவங்க எல்லாரும் இந்த இடத்துல வந்து கண்டிப்பா நிப்பாங்க. பின் சக்கர வளைவுக்கு மேல பெயிண்ட்ல சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கொப்புளம், கீறிப் பாத்தா பழுப்பா தூள் கொட்டுது, ஸ்க்ரூ டிரைவர் முனையை வச்சு லேசா அழுத்தினா அது பாட்டுக்கு உள்ள போயிடுது. இப்ப என்ன பண்றது, துருவை மாத்தற கன்வர்ட்டர் மருந்தைத் தடவி நிறுத்தறதா, பட்டி வச்சு மூடறதா, பசை போட்டு தகடு ஒட்டறதா, இல்ல வெட்டி எறிஞ்சுட்டு வெல்டிங் அடிக்கறதா? நாலையும் என் வேகன்லயே ஒவ்வொரு இடத்துல செஞ்சு பாத்திருக்கேன், அதுக்கப்புறம் சில வருஷம் வண்டியை ஓட்டியும் பாத்தாச்சு, அதனால எது எங்க நிக்கும், எது எங்க கைவிடும்னு சொல்ல முடியும்.

முதல்ல ஒரு விஷயம். ஓரத்துல, மடிப்புக்குப் பக்கத்துல தெரியற கொப்புளம் பெரும்பாலும் வெளிய ஆரம்பிச்சது இல்ல. உள்பக்கத்துலேந்து தகட்டைத் தின்னுக்கிட்டே வந்து கடைசியாத்தான் பெயிண்டைத் தூக்குது. இரும்பு துருவா மாறும்போது முன்ன இருந்ததை விட ரெண்டு மடங்குக்கும் மேல இடம் பிடிக்கும், அதனாலதான் பெயிண்ட் உப்புது, ரெண்டு தகடு சேர்ற மடிப்புல அந்த அழுத்தம் தகட்டையே பிரிச்சு விட்ரும். சொத்தைப் பல் மாதிரிதான், மேல ஒரு கறுப்புப் புள்ளி தெரியும்போது உள்ள குழி விழுந்திருக்கும்.

வேகன்ல இது செடானை விட மோசம், காரணம் அதோட உடம்பு. கூரை பின்னாடி வரைக்கும் நீளமா போகுது, அது மேல கேரியர் போல்ட்டுக்குன்னு ஓட்டைங்க, பக்கத்துல பெரிய பெரிய கண்ணாடி, அதைச் சுத்தி ரப்பர் பீடிங். பீடிங் காஞ்சு விரிசல் விட்டதும் தண்ணி உள்ள இறங்கி கடைசித் தூண் வழியா ஓடி, பின் பக்கவாட்டுத் தகட்டோட அடிப் பையில போய் தேங்கும், அங்கேருந்து ஸ்டெப்னி குழிக்கு. டிக்கி கதவோட கீழ் மடிப்பு இன்னொரு இடம், அதுல இருக்கற வடிகால் ஓட்டை மண்ணால அடைச்சுக்கிட்டா கதவு தொட்டியா மாறிடும். என் வண்டில கார்பெட்டைத் தூக்கினப்ப மேல காஞ்சுதான் இருந்துது, கீழ இருந்த பஞ்சை முறுக்கினா தண்ணி சொட்டுச்சு, அதுக்கும் கீழ சத்தம் வராம இருக்க ஒட்டியிருந்த தார் ஷீட்டு, அதை உளியால நெம்பினா அடில ஃப்ளோர் தகடு செதில் செதிலா அதோடயே ஒட்டிக்கிட்டு வந்துது. அதனால எந்த வழின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கழட்டுங்க. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டிக்கிட்டே போங்க, நல்ல தகடு கணீர்னு கேக்கும், செத்த தகடும் பட்டி நிறைஞ்ச இடமும் மொத்தையா ஒலிக்கும். துணில சுத்தின காந்தம் எங்க ஒட்ட மாட்டேங்குதோ அங்க முன்னாடி யாரோ பட்டி வச்சிருக்காங்க. போன்ல மாட்டற சின்ன கேமரா ஒயர் இருந்தா வடிகால் ஓட்டை வழியா சில்லுக்குள்ள, அதாவது கதவுக்குக் கீழ நீளமா ஓடற பெட்டி மாதிரியான தகட்டுக்குள்ள விட்டுப் பாருங்க, ஒரே நிமிஷத்துல உண்மை தெரிஞ்சிடும்.

இப்ப கன்வர்ட்டர். இதுல ரெண்டு வகை மருந்து வேலை செய்யுது, டானிக் அமிலம் இருந்தா துருவை இரும்பு டானேட்டா மாத்தும், அதனாலதான் தடவின கொஞ்ச நேரத்துல நீலம் கலந்த கறுப்பா ஆகுது, பாஸ்பாரிக் அமிலம் இருந்தா இரும்பு பாஸ்பேட்டா மாத்தும். பொய்யான மருந்து இல்ல, நிஜமாவே வேலை செய்யுது, ஆனா மேலோட்டமான துருவுலதான், அதுவும் தளர்ந்த செதிலை எல்லாம் சுரண்டி எடுத்த பிறகு. தடிமனா படிஞ்ச துரு மேல தடவினா மேல் அடுக்கு மட்டும் கறுக்கும், அடில இருக்கற பழுப்பு அப்படியே தன் வேலையைத் தொடரும். தகட்டோட ரெண்டு பக்கமும் கை போற இடத்துல, குழி விழாம செம்பழுப்பா தூள் மட்டும் இருக்கற இடத்துல தைரியமா போடலாம், என் பேட்டரி தட்டுக்குக் கீழயும் ஃப்ளோரோட நடுப்பகுதிலயும் போட்டேன், இன்னிக்கும் நல்லா இருக்கு. ஒரு எச்சரிக்கை, பாஸ்பாரிக் வகை போட்டா மிச்ச அமிலத்தைக் கழுவி, நல்லா காய வச்சுட்டுத்தான் எபாக்ஸி பிரைமர்ங்கற அடிப் பெயிண்டை அடிக்கணும், இல்லேன்னா பிரைமர் பிடிக்காம உரிஞ்சு வரும். டப்பால என்ன எழுதியிருக்கோ அதை வரிக்கு வரி படிங்க, சிலது கழுவணும், சிலது கழுவக் கூடாது.

பட்டியும் ஃபைபர் கிளாஸும் அடுத்தது. பின் சக்கர வளைவுல முதல் தடவை இதைத்தான் செஞ்சேன், ஓட்டையைச் சுத்தி தேச்சு, ஃபைபர் பாய் ஒட்டி, மேல பட்டி இழுத்து, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடிச்சு முடிச்சப்ப அவ்வளவு அழகா இருந்துது. ஒரே மழைக்காலம். பேட்ச்சோட ஓரத்தைச் சுத்தி வளையமா கொப்புளம் கிளம்பி, குத்திப் பாத்தா ஓட்டை முன்ன இருந்ததை விட ரெண்டு மடங்கு ஆகியிருந்துது, ரொம்ப வருத்தமா போச்சு. காரணம் புரிஞ்சிக்கணும், சாதாரண பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும், அது இரும்புலேந்து துருவை எடுக்கறது இல்ல, உள்பக்கத்துலேந்து வர்ற தண்ணியைத் தடுக்கறதும் இல்ல, கூடவே அந்த ஈரத்தைத் தகட்டோட ஒட்ட வச்சுப் பிடிச்சு வச்சுக்குது. பட்டிக்கு ஒரு நல்ல இடம் உண்டு, வெல்டிங் முடிஞ்ச நல்ல தகட்டு மேல, எபாக்ஸி பிரைமர் அடிச்சதுக்கு அப்புறம், மேடு பள்ளம் சமன் பண்ண மெல்லிசா ஒரு இழுப்பு. ஓட்டையை அடைக்க அது வேண்டவே வேண்டாம். சில், வண்டியோட அடிச்சட்டமான சேஸ் ரெயில், சீட் பெல்ட் போல்ட் மாட்டற இடம், ஸ்பிரிங் பிடிக்கற இடம் இதுல எல்லாம் ஃபைபர் வச்சு மூடி விக்கறவங்க இருக்காங்க, அடிபட்டா உள்ள உக்காந்திருக்கறவங்க உயிர் அந்தத் தகட்டுலதான் இருக்கு, இதை நான் எந்த விதத்துலயும் ஏத்துக்க மாட்டேன்.

பசை போட்டு தகடு ஒட்டறதை நிறைய பேர் கேவலமா பாக்கறாங்க, எனக்கு அந்தக் கருத்து இல்ல. ரெண்டு பாகம் கலக்கற பேனல் பாண்டிங் எபாக்ஸி இப்ப கம்பெனில கார் செய்யறப்பவே பயன்படுத்தறாங்க. சூடு கிடையாது, அதனால நீளமான தகடு நெளியாது, பின்பக்கத்து பெயிண்ட் கருகாது, பசையே மடிப்பை அடைச்சு ஈரம் புகாம பாத்துக்கும். வேகனோட பக்கவாட்டுத் தகடு மாதிரி பெரிய தட்டையான இடத்துல இது பெரிய லாபம். குறை என்னன்னா ஓரத்துல ஒரு படி மடிச்சு ஒண்ணு மேல ஒண்ணு உக்கார வைக்கணும், ரெண்டு பக்கமும் பளபளன்னு சுத்தமான இரும்பா இருக்கணும், துரு மிச்சம் இருந்தா பசை துருவைப் பிடிக்கும், துரு உதிரும். தட்டையான இடத்துல நடு மத்தில ஜாயிண்ட் வந்தா வெயில்ல அந்தக் கோடு பெயிண்ட் வழியா லேசா தெரிய ஆரம்பிக்கும், அதனால ஜாயிண்டை ஒரு மடிப்புலயோ மோல்டிங் பட்டைக்குக் கீழயோ கொண்டு போங்க. பாரம் தாங்கற இடத்துல பசை மட்டும் போட்டு விடவே கூடாது.

வெல்டிங்தான் என் மனசுக்கு முதல் இடம், வேலையும் அதுலதான் அதிகம். விதி ஒண்ணே ஒண்ணு, பளிச்னு நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டிக்கிட்டே போகணும். கை நடுங்கும், நகம் அளவு கொப்புளத்துக்கு உள்ளங்கை அளவு வெட்ட வேண்டி வரும், எனக்கு ரெண்டு உள்ளங்கை ஆச்சு, வெளித் தகட்டை எடுத்தப்புறம்தான் உள் வளைவு கண்ணுக்கே தெரிஞ்சுது, அது இதை விடக் கேவலமா இருந்துது. பாடி தகடு 0.7லேந்து 1 மில்லி மீட்டர்தான் இருக்கும், அதுக்கு 0.6 மில்லி கம்பி போட்ட சிஓ2 வெல்டிங் மெஷின், ஆர்கான் கலந்த கேஸ், இது போதும். ஒரே கோடா இழுத்தீங்கன்னா தகடு அலை அலையா நெளிஞ்சிடும், பொட்டு பொட்டா வைங்க, ஒரு பொட்டு இந்த ஓரம், அடுத்தது எதிர் ஓரம், கை வச்சா சுடாத அளவுக்கு ஆறின பிறகு நடுவுல அடுத்தது, அப்படியே மெதுவா கோடு சேரணும். கேஸ் வெல்டிங்ல கோடு மெத்துனு வரும், சுத்தி வச்சு தட்டி சரி பண்ணலாம், ஆனா சூடு ரொம்ப பரவும், அந்தக் கை இருக்கற பழைய டிங்கர் கிடைச்சா மட்டும் அதை நம்புங்க. டிக் (TIG) வெல்டிங் அழகு, ஆனா துளி துரு, துளி எண்ணெய் இருந்தாலும் ஒத்துக்காது, பழைய வண்டி மடிப்புல அந்த சுத்தம் கிடைக்கறது கஷ்டம். தகட்டு மேல தகடு வச்சு வெல்டு பண்றதை விட ஓரத்தோட ஓரம் சேத்து பண்றது மேல், ஒண்ணு மேல ஒண்ணு இருந்தா நடுவுல தண்ணி நிக்கும், திரும்பவும் அதே கதை. பேட்டரி ஒயரைக் கழட்டிடுங்க, பெட்ரோல் டேங்கைத் தள்ளி வைங்க, தீயணைப்பான் கைக்கெட்டற தூரத்துல இருக்கட்டும், பழைய மெழுகும் தார் ஷீட்டும் நினைக்காத நேரத்துல பத்திக்கும்.

சில் வெட்டறதா இருந்தா இன்னொண்ணு. வேகன்ல பின்பக்கம் முழுக்க திறப்புதான், சில்லை எடுத்துட்டா உடம்பு தொங்கிடும், அப்புறம் கதவு சாத்தாது. கதவு நிலைக்கு நடுவுல இரும்பு பைப் வச்சு பொட்டு வெல்டு பண்ணி விறைப்பா நிறுத்திட்டு, ஒரு பக்கம் முடிச்சுட்டுத்தான் அடுத்த பக்கம் தொடணும். இதனாலதான் மொத்தமா பிரிச்சுப் போட்டு செய்யறதை விட பகுதி பகுதியா செய்யறதை நான் சொல்வேன், முழுசா பிரிச்சவங்க பாதில விட்ட வண்டி எத்தனையோ பாத்திருக்கேன்.

தகட்டை எங்கேருந்து எடுக்கறது? முன்பக்கத்துக்கு பிரச்சனை இல்ல, நிறைய மாடல்ல பானெட், ஃபெண்டர், முன் கதவு எல்லாம் அதே மாடல் செடான்லேந்து பொருந்தும். நடுத் தூணுக்குப் பின்னாடிதான் வேகனுக்குன்னே ஆனது ஆரம்பிக்குது, அங்க புது பேனல் கிடைக்கறது அபூர்வம். இன்னொரு செத்த வேகன் வாங்கி வெட்டி எடுக்கலாம்னு தோணும், நானும் தேடினேன், ஆனா எல்லா வேகன்லயும் தண்ணி ஒரே வழியாத்தான் ஓடுது, உங்க வண்டில எங்க அரிச்சிருக்கோ அங்கேயே அதுலயும் அரிச்சிருக்கும். டிக்கி கதவு முழுசா கிடைச்சா எடுங்க. சக்கர வளைவு, சில், ஃப்ளோர் எல்லாம் தட்டையான தகட்டுலேந்து கையால மடிச்சு செய்யறதுதான் நடைமுறை, வளைவுக்கு அட்டைல அச்சு வெட்டிக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

சுத்தம் பண்றதுல கம்பி பிரஷ் சக்கரத்தை நம்பாதீங்க, அது துருவையே பாலிஷ் பண்ணி மினுக்கிடும், உத்துப் பாத்தா குழிக்குள்ள கறுப்புப் புள்ளிங்க அப்படியே இருக்கும். மணல் பீச்சறது குழி வரைக்கும் போகும், ஆனா கூரை மாதிரி தட்டையான இடத்துல தகடு நீண்டு நெளிஞ்சிடும், மணலும் உள்ளறைல போய் தங்கி ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். சின்ன பாகம்னா சிட்ரிக் அமிலத் தண்ணில ஊறப் போட்டு எடுத்துக் கழுவி உடனே காய வைங்க, நல்ல இரும்பை அது அவ்வளவா தொடாது. முழு பாடியை அமிலத்துல முக்கறது எனக்குப் பிடிக்கலை, மடிப்புக்குள்ள போன அமிலம் மாசக் கணக்குல கழிச்சு பெயிண்டுக்கு அடிலேந்து கசியும்.

கடைசிப் போட்டி வண்டிக்கு அடில பூசற பூச்சுல, தாரா மெழுகா. தார் பூச்சு பாக்க கெட்டியா இருக்கும், வருஷம் ஆக ஆக இறுகி வெடிக்கும், வெடிப்புக்குள்ள தண்ணி போய் வெளிய வர வழி இல்லாம உள்ளயே இருந்து தின்னும், மேல பாத்தா கறுப்பா பத்திரமா இருக்கற மாதிரியே தெரியும். நான் எபாக்ஸி பிரைமர், மடிப்புக்கெல்லாம் சீலர், அதுக்கு மேல பெயிண்ட், எல்லாம் முடிஞ்சப்புறம் உள்ளறைக்கு மெழுகு, இந்த வரிசைல போறேன். மெழுகை முன்னாடி அடிச்சா பெயிண்ட் மீன் கண்ணு மாதிரி வட்டம் வட்டமா விலகும், அதனால அது கடைசிதான். வெல்டிங்கோட பெரிய பலவீனம் பின்பக்கம் கருகிப் போறது, அங்க கை போகாது, நீளக் குழாய் முனை வச்சு மெழுகைப் பீச்சினா மட்டுந்தான் போகும், இதைச் செய்யாத வெல்டு உள்பக்கத்துலேந்து சீக்கிரமே திரும்ப துரு பிடிக்க ஆரம்பிச்சிடும். மெழுகும் நிரந்தரம் இல்ல, சில வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப அடிக்கணும். பீச்சி முடிச்ச மறுநாள் ஒரு மெல்லிய கம்பியை எடுத்து சில்லு, டிக்கி கதவு, பக்கவாட்டுப் பை எல்லாத்துலயும் வடிகால் ஓட்டையைக் குத்தித் திறந்து விடுங்க, அப்புறம் கூரை மேல ஒரு வாளி தண்ணி ஊத்திட்டு கீழ குனிஞ்சு எந்த ஓட்டை வழியா சொட்டுது, எது சொட்டாம இருக்குன்னு ஒவ்வொண்ணா பாருங்க.