கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்: மூன்று வருட அனுபவம்

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு ஃப்ளோரில் நின்றால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், இரண்டு முறை டீ. கூட்டமே இல்லாத மதிய வேளையில்கூட ரேக்கில் சாய முடியாது, கேமரா இருக்கிறது. ராத்திரி வீட்டுக்கு வந்தால் கணுக்காலில் விரலை வைத்து அழுத்திய இடம் குழியாகவே நிற்கும்.

தமிழ்நாட்டில் 1947-ஆம் வருடக் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவை 2021-இல் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்கிறது அது. கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. அதற்குப் பின்னால் கோழிக்கோடு மிட்டாய்த்தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண்ணும் அவரோடு சேர்ந்த கடைப்பெண்களும் நடத்திய நீண்ட போராட்டம் உண்டு. அவர்களை நான் பார்த்ததில்லை. ஆனாலும் உட்காரும்போதெல்லாம் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் கடையில் பொங்கல் விற்பனை முடிந்து ஸ்டூல் வந்தது. 11 பேருக்கு ஆறு. முதல் ஒரு மாதம் யாருமே உட்காரவில்லை. உட்கார்ந்தால் சோம்பேறி என்று பெயர் வரும், இன்சென்டிவில் கை வைப்பார்கள் என்ற பயம். சூப்பர்வைசர் வேண்டாம் என்று சொல்லவில்லை, உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. கடைசியில் கல்யாணச் சேலை எடுக்க வந்த ஒரு பாட்டிதான், "நான் உட்கார்ந்துதானே பாக்கறேன், நீயும் உட்கார்ந்தே விரிச்சுக் காட்டும்மா" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தேன். அப்புறம்தான் தோன்றியது: பழைய பட்டுக்கடைகளில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் விற்பவரும் வாங்குபவரும் சம்மணமிட்டுத்தானே உட்கார்ந்திருந்தார்கள்! கண்ணாடி கவுன்ட்டர் வந்த பிறகு நாங்கள் மட்டும் எழுந்து நின்றுவிட்டோம்.

முதலில் வந்தது குட்டையான பிளாஸ்டிக் ஸ்டூல். வாங்க வரும் ஒவ்வொரு ஆளுக்கும் எழுந்து உட்கார்ந்து எழுந்து, கால் வலி போய் முட்டி வலி வந்தது. இரண்டாவது வருடம் எல்லோரும் சேர்ந்து கேட்டு, கவுன்ட்டர் உயரத்துக்குச் சரியாக, கால் வைக்கக் கம்பி உள்ள இரும்பு ஸ்டூல் வாங்க வைத்தோம். உங்கள் கடையில் வாங்கப்போகிறார்கள் என்றால் இந்த மாதிரியையே கேளுங்கள்.

எனக்கு ஏற்கெனவே நரம்பு சுருட்டல் இருக்கிறது. அது ஸ்டூலால் போகவில்லை, போகாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும், அதனால் நாள் முழுக்க உட்காருவதும் ஆகாது, நிற்பதும் ஆகாது, மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னார். அப்படியே செய்கிறேன். சாயங்கால வீக்கம் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. வீட்டுக்குப் போய் நின்று சமைக்க முடிகிறது.

ஒரு பெரிய குறை உண்டு. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் வழியை அடைக்கிறது என்று ஸ்டூலையெல்லாம் குடோனுக்கு ஏற்றிவிடுவார்கள். கால் விட்டுப்போவதே அந்த நாட்களில்தான். போன தீபாவளிக்குக் கெஞ்சி இரண்டை மட்டும் நிறுத்திக்கொண்டோம், ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்து உட்கார்ந்தோம்.

ஊழியர்களுக்கென்று கடையில் யோகா வகுப்பு, பிறந்தநாள் கேக் எல்லாம்கூட நடக்கிறது. கண் பரிசோதனை முகாம் உண்மையிலேயே உதவியது, கண்ணாடி போட்ட பிறகு விலைச்சீட்டு தெளிவாகத் தெரிகிறது. ஆனால் தினமும் உடம்புக்குத் தெரிகிற மாற்றம் என்றால் அந்த ஸ்டூல் மட்டும்தான்.

அடுத்ததாக எங்கள் தளத்திலேயே ஒரு கழிப்பறை கேட்டிருக்கிறோம். இப்போது இருப்பது நான்காவது மாடியில், படியேறித்தான் போக வேண்டும். அதற்குப் பயந்தே எங்களில் பாதிப்பேர் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை.