டிசபிலிட்டி பென்ஷன் அப்பீல் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் 45,000 ரூபாய் போனது

இன்று காலை தபால் வந்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. வேறு எந்தப் பட்டாளத்துக் குடும்பமும் இப்படி ஏமாறக் கூடாது.

அப்பா 2022இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். சேரும்போது அவருக்கு ஒரு நோயும் கிடையாது. ரத்த அழுத்தம் வந்ததே எல்லையில், மலை உச்சியில் இருந்தபோதுதான். மெடிக்கல் போர்டு 30 சதவீத இயலாமை என்று போட்டது. ஆனால் நோய் பணியால் வந்ததும் இல்லை, கூடியதும் இல்லை என்று எழுதிவிட்டது. அந்த ஒரு வரியால் பென்ஷன் மறுக்கப்பட்டது. முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் அவகாசம்.

எங்கள் ஊரில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆலோசனை மையம் ஒன்று இருக்கிறது. உள்ளே போனதுமே அந்த ஆள் எழுந்து சல்யூட் அடித்தான். "வாங்கண்ணே, நானும் பட்டாளத்துக்காரன்தான். எந்த யூனிட்?" அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியால் வந்ததாகவே கொள்ளப்படும், இல்லையென்றால் போர்டு காரணம் எழுத வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை விளக்கினான். பென்ஷன் கணக்கில் 30 சதவீதத்தை 50 ஆக உயர்த்தி வாங்க விதி இருக்கிறது என்றும் சொன்னான். அவன் சொன்ன சட்டம் எல்லாம் சரிதான். அதைக் காட்டித்தான் 45,000 ரூபாயை ரொக்கமாக வாங்கினான். ரசீது கேட்டதற்கு, "நமக்குள்ள எதுக்கும்மா?"

அப்புறம் எப்போது கேட்டாலும் ஒரு பதில். ஃபைல் அலகாபாத் போயிருக்கு. டெல்லியில் கமிட்டி உட்காரணும். சார் மீட்டிங்கில் இருக்கார். கடைசியில் போனையே எடுப்பதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் ராணுவத்தின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதிக் கேட்டோம். அந்தப் பதில்தான் இன்று வந்தது: மேல்முறையீடு எதுவும் வரவில்லை. 45,000 ரூபாய் வாங்கியவன் ஒரு கடிதம்கூட அனுப்பவில்லை! நேரில் போய்க் கேட்டால், "பணம் செலவாயிடுச்சும்மா, கத்தாதீங்க" என்கிறான். பென்ஷனில் குடும்பம் நடத்தும் எங்களுக்கு 45,000 ரூபாய் சின்னத் தொகையா?

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை, ஏஜென்டும் வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள். பதிவுத் தபாலில் நீங்களே அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மெடிக்கல் போர்டு பேப்பரின் ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள், எங்களுடையது இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. மேல்முறையீட்டிலும் மறுத்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். அவகாசம் தாண்டியிருந்தாலும் விட்டுவிடாதீர்கள், காரணம் எழுதிக் கேளுங்கள்.