மெயிலில் வந்த ‘ஒரிஜினல்’ போட்டோ: மீதிப் பணம் கொடுக்குமுன் திறந்து பாருங்கள்

மகளுக்கு அழகர்கோவிலில் மொட்டை எடுத்துக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துகொண்டு, ஊசி படுவதற்கு முன்பே வாயைப் பிளந்து அழுகிறாள், ஆசாரி சிரிக்கிறார். அந்த ஒரு படத்தை 12க்கு 18 சைஸில் பிரேம் போட்டு மச்சான் வீட்டில் மாட்ட ஆசைப்பட்டோம். அதற்காகவே ஆல்பம் காசு போக, ஒரிஜினல் ஃபைலுக்கென்று தனியாக 1,500 ரூபாய் பேசினேன். ஸ்டூடியோ மதுரைக்குள்ளேதான். பெயர் வேண்டாம்.

இழுத்தடித்து ஒருவழியாக மெயிலில் அனுப்பினார்கள். ஒரே மெயில், 40 படம். செல்லில் பளிச்சென்று இருந்தது. சரி என்று மீதிப் பணத்தையும் போட்டுவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன். ஒரே மெயிலில் 40 படம் ஏறியதே தப்பு என்று எனக்கு உறைக்கவில்லை.

பிரிண்ட் போடும் லேப்பில் இருந்த தம்பி பார்த்தவுடனே சொல்லிவிட்டார். “அண்ணே, இது வாட்ஸ்அப் படம்ணே. பெருசாப் போட்டா கலங்கிரும்.” ஃபைல் பெயரையும் காட்டினார். ஐஎம்ஜி, தேதி, அப்புறம் டபிள்யூஏ என்று இரண்டெழுத்து. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் வழியாக வந்து இறங்கும் படத்துக்குத்தான் அப்படிப் பெயர் விழுமாம். யாரோ வாட்ஸ்அப்பில் கைமாற்றியதை எடுத்து மெயிலில் சொருகியிருக்கிறார்கள். அளவு 1600க்கு 1067 பிக்சல் (படத்தில் இருக்கும் புள்ளிகள்), 250 கேபி. எடுத்த கேமராவோ 24 மெகாபிக்சல். 6000க்கு 4000 இருக்க வேண்டும். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால், 18 அங்குலத்துக்கு 5400 தேவை. என்னிடம் இருந்ததில் அங்குலத்துக்கு 90கூடத் தேறவில்லை.

ஸ்டூடியோவுக்குப் போன் போட்டேன். “மெயில்ல அனுப்புனா சைஸ் குறையத்தாண்ணே செய்யும்” என்றார். சுத்தப் பொய். மெயில் தானாகப் படத்தைச் சுருக்காது. ஐபோன் மெயிலில் சின்னதாக அனுப்பவா, அசல் அளவா என்று கேட்கும், அதுவும் நம்மைக் கேட்டுத்தான். உண்மையில் இணைத்த ஃபைல் மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு கூடும். ஃபைலை எழுத்துகளாக மாற்றித்தான் அது அனுப்புகிறது. ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்பிதான் கணக்கு. பத்து எம்பி படம் மூன்றை ஏற்றினாலே தாண்டிவிடும். தாண்டினால் டிரைவ் லிங்க்காக மாற்றிக் கொடுத்துவிடுகிறதே, அதை அனுப்பியிருக்கலாமே! ஜிப் பண்ணி அமுக்கினாலும் ஜேபெக் படம் பெரிதாகக் குறையாது, ஏற்கெனவே அமுக்கியதுதான்.

இனி யாராவது “மெயில்ல அனுப்பிட்டோம்” என்றால், கம்ப்யூட்டரில் இறக்கி, ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் பிக்சலைப் பாருங்கள். அதுவரை மீதிப் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். என்னைக் கேட்டால் பென்டிரைவோடு நேரில் போய் வாங்கி வரச் சொல்வேன். வாட்ஸ்அப்தான் வழி என்றால் போட்டோவாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும்.

“அசலையாவது குடுங்க” என்று கடைசியாகக் கேட்டேன். “முகூர்த்தம் வரிசையா வந்துருச்சுண்ணே, கார்டை அழிச்சுட்டோம்.” 1,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்கு 500 ஜிபேயில் வந்தது. அதற்கப்புறம் என் போனை எடுப்பதில்லை. மச்சான் வீட்டு டிவி மேல் இப்போது 4க்கு 6 சைஸில் ஒரு சின்னப் பிரேம் இருக்கிறது.