கியர் பிடிக்கத் தாமதமா? லிந்தாங் சாலைப் பட்டறை பற்றி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் சாலையில், முன்னால் ஒரு ரம்புத்தான் மரம் நிற்கும் தகரக் கூரைப் பட்டறை அது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய்விட்டது. 'ஆட்டோ கியர் பார்ப்பவர் எங்கே' என்று சாப்பாட்டுக் கடையில் கேட்டால் கைகாட்டுவார்கள். தோட்டப் பக்கத்தில் ஆட்டோ கியர் பிக்கப் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

என்னுடையது 15 வருட டீசல் பிக்கப். அப்பா விட்டுப்போன ஐந்து ஏக்கர் செம்பனையில் வெட்டும் குலைகளை இதில்தான் ஏற்றுகிறேன். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும். தாமதமானால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அதனால் வண்டி படுத்தால் எனக்கு அந்தச் சுற்று வருமானமே ஆட்டம் காணும்.

நான்கு மாதமாக ஒரு தொல்லை. காலையில் முதல் தடவை எஞ்சினை முடுக்கி ரிவர்ஸ் போட்டால், வண்டி நியூட்ரலில் இருப்பதுபோல் சும்மா நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி முடிக்கும்போது 'டொக்' என்று பிடிக்கும். முன்னால் போக டி போட்டாலும் அதே கதைதான். ஒரு தடவை பிடித்துவிட்டால் அன்று முழுக்கப் பிரச்சினை இல்லை. இரண்டு நாள் ஓட்டாமல் வைத்தால் இன்னும் மோசம்.

என் நிலத்தில் குலை ஏற்றும் இடம் சரிவு. முன்னால் வாய்க்கால். ஒரு காலையில் ரிவர்ஸ் பிடித்துவிட்டது என்று நினைத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி முன்னால் உருண்டது. வாய்க்காலுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. பின்னால் நின்ற என் மகன் முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். கியர் பிடிக்காதபோது பொறுமை இழந்து ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேகமாகச் சுற்றும் எஞ்சினோடு கிளட்ச் திடீரென்று பிடித்தால் அதன் தகடுகள் எரியும், வண்டியும் பாயும்.

முதலில் வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கே எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை, அதாவது டிப்ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, "கியர்பாக்ஸ் போச்சு, ஓவர்ஹால் பண்ணணும், 6,800 வெள்ளி" என்றார்கள். அந்தப் பணத்துக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் பேசி, மனைவியின் சங்கிலியை அடகு வைப்பது வரை யோசித்தாகிவிட்டது. அப்போதுதான் ஆலையில் வரிசையில் நின்ற ஒரு லோரிக்காரர் இந்த லிந்தாங் சாலைப் போர்மேனை (மெக்கானிக்கை) பற்றிச் சொன்னார்.

நான் போனது மாலை நேரம், எஞ்சின் சூடு. அந்த அண்ணன் முதலில் கேட்டது, "எப்போ வருது தம்பி? காலையிலயா, சூடானப்புறமா? டி-யில மட்டுமா, ரெண்டிலயுமா?" என்றுதான். நான் சொன்னதை ஒரு பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் கைபேசியில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, எஞ்சின் ஐடிலில் நியூட்ரலிலிருந்து டி, நியூட்ரலிலிருந்து ரிவர்ஸ் என்று மூன்று மூன்று தடவை போட்டார். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஒரு நிமிடம் விட்டார். டி-க்கு 1.2 வினாடிக்குள், ரிவர்ஸுக்கு 1.5 வினாடிக்குள் கியர் பிடிக்கும் அந்தச் சின்ன அதிர்வு வந்துவிட வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் கணக்கு. ஜப்பானிய வண்டிகளின் பழுதுபார்ப்புக் கையேடுகளிலும் இதுபோன்ற அளவுதான் வரும். என் வண்டி அந்த மாலையில் இரண்டிலும் தேறிவிட்டது.

"இப்போ நல்லாத்தான் இருக்கு. நோவு காலையிலதானே வருது, காலையிலதான் பார்க்கணும். வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார். இந்த ஒரு பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

போகுமுன் எண்ணெய் அளவைக் காட்டினார். இதை நான் இத்தனை வருடமும் தவறாகப் பார்த்திருக்கிறேன். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்பது எஞ்சின் எண்ணெய்க்கு. என் வண்டியின் ஆட்டோ கியருக்கு, சமதரையில், வண்டி சூடாக, எஞ்சின் ஓடிக்கொண்டே, எல்லா கியரையும் ஒரு தடவை போட்டுத் திரும்பப் பார்க்கிங்கில் வைத்துத்தான் டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். அப்படிப் பார்த்தபோது கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. கியர் எண்ணெய் குளிர்வதற்காக ரேடியேட்டருக்குப் போகும் குழாயின் பிடிப்பில் ஈரம். பிடிப்பை இறுக்கி, அரை லிட்டர் ஊற்றினார். எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து என்னையும் முகரச் சொன்னார். கருஞ்சிவப்பு, ஆனால் கருகிய வாடை இல்லை. பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தமாம். (புது மாதிரிகளில் டிப்ஸ்டிக் இருக்காது. எண்ணெயின் வெப்பநிலையைக் கருவியில் பார்த்து, கீழே உள்ள திருகைக் கழற்றி அளக்க வேண்டும். அதை வீட்டில் முயலாதீர்கள்.)

மறுநாள் காலை ஏழு மணிக்கு மகனின் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். எனக்காகக் காத்திருந்தார், சாவியைத் தொடவில்லை. கியர்பாக்ஸில் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் அழுத்தமானியை மாட்டிவைத்திருந்தார். முடுக்கி ரிவர்ஸ் போட்டால் 3.8 வினாடி. எண்ணெய் ஊற்றியதில் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. அவர் காட்டியது கடிகாரத்தை அல்ல, முள்ளை. எஞ்சின் ஓடுகிறது, முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கிறது. பிறகு ஒரே தூக்காக எழுந்தது, அதே கணத்தில் கியர் பிடித்தது.

அப்போதுதான் விளக்கினார். டி மட்டும் தாமதம் என்றால் வண்டியை முன்னால் ஓட்டும் கிளட்சைச் சந்தேகப்படலாம், ரிவர்ஸ் மட்டும் என்றால் அதற்குரிய கிளட்சை. இரண்டும் சேர்ந்து தாமதமானால் இரண்டுக்கும் பொதுவானதைத் தேட வேண்டும்: எண்ணெய் அளவு, வடிகட்டி, பம்ப், அழுத்தம். கிளட்சின் ரப்பர் சீல்கள் இறுகிப்போயிருந்தாலும் காலையில் தாமதம் வரும். ஆனால் அது எண்ணெய் சூடாகும் வரை இருக்கும், ஒரு தடவை பிடித்ததும் மறையாது.

உறுதி செய்ய இன்னோர் இரவு வண்டியைக் கேட்டார். எனக்கு மனசு வரவில்லை, மறுநாள் குலை வெட்டு. பக்கத்து நிலத்துக்காரரின் லோரியைக் கெஞ்சிக் கேட்டு ஏற்றினேன். மூன்றாம் நாள் காலை, முடுக்கியதும் கியர் போடாமல் நியூட்ரலில் ஒரு நிமிடம் விட்டார். முள் எழுந்து நின்றது. அப்புறம் ரிவர்ஸ் போட்டால் 1.1 வினாடி! கிளட்ச் நன்றாக இருக்கிறது, ராத்திரியில் பம்ப் பக்கத்து எண்ணெய் கீழே இறங்கிவிடுகிறது, காலையில் பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறது. அதுதான் விஷயம்.

கியர்பாக்ஸின் அடித்தட்டை என் முன்னால்தான் கழற்றினார். அதில் இரும்புத் தூளைப் பிடிக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை மட்டும் இருந்தது, அது 15 வருடத் தேய்மானம். இரும்புத் துண்டு ஒன்றுகூட இல்லை. வடிகட்டியின் கழுத்தில் இருந்த ரப்பர் வளையத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகியிருந்தது. அந்த இடுக்கு வழியாகத்தான் காற்று.

புது வடிகட்டி, வளையம், கேஸ்கெட் 130 வெள்ளி. நான்கு லிட்டர் எண்ணெய் 180. கூலி 150. மொத்தம் 460 வெள்ளி, ஒவ்வொன்றுக்கும் ரசீதில் தனி வரி. பழைய சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்தார். எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் பழைய எண்ணெய் தங்கிவிடும் என்பதால், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை வடித்து ஊற்ற வரச்சொன்னார்.

குறை இல்லாமல் இல்லை. ஒரே ஆள், ஒரு பையன். முன்கூட்டிச் சொல்லாமல் போனால் வண்டி ரம்புத்தான் மரத்தடியில் காத்திருக்கும். இரண்டு இரவு வண்டி இல்லாமல் சமாளிக்க முடியாதவர்கள் குலை வெட்டு முடிந்த வாரத்தில் போவது நல்லது. அட்டை வாங்குவதில்லை, ரொக்கம்தான். உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும்.

இன்றோடு ஆறு வாரம். தீபாவளிக்கு நான்கு நாள் வண்டியை எடுக்கவே இல்லை. ஐந்தாம் நாள் காலை அதே சரிவில் மகனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ரிவர்ஸ் போட்டேன். ஒன்று என்று எண்ணி முடிக்குமுன் பிடித்தது. கசிந்த அந்தக் குழாயையும் மாற்றிவிட அடுத்த செவ்வாய்க்கு நேரம் கேட்டிருக்கிறேன்.